வீட்டுக் கணக்கு: பழைய கார் வாங்கப் போன கதை

போன இதழில் என் மாமியாரின் இடுப்பு எலும்பு ஆபரேஷனைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? விசாரித்துக் கடிதம் போட்ட சகோதரிகள் எல்லோருக்கும் முதலில் நன்றி. அத்தை இப்போது வாக்கர் பிடித்து வாசல் திண்ணை வரை வந்துவிடுகிறார். ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு வரியில் தாண்டிப் போன ஒரு விஷயம் இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றி இறக்கிப் பட்ட பாடு! அதிலிருந்துதான் இந்தக் கார் கதை தொடங்குகிறது.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களைத் தாழ்வான இடத்தில் உட்கார வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முழங்கால், இடுப்பை விட உயரமாகப் போகக் கூடாதாம். ஷேர் ஆட்டோவில் இது நடக்கிற காரியமா? வாடகைக் கார் கூப்பிட்டால் வீல் சேரைப் பார்த்ததும் சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். இவருக்கோ சர்க்கரையால் கண்ணில் கோளாறு. வண்டி ஓட்ட வேண்டாம் என்று கண் டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில். ஆக, மிச்சம் யார்? நான்தான். நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்து, கல்லூரிப் பெண்களோடு சேர்ந்து எட்டுப் போட்டு, புரட்டாசியில் லைசென்ஸ் வாங்கினேன். (எட்டுப் போடும்போது கம்பத்தை ஒரு தடவை தட்டினேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.)

கையில் இருந்தது, சீட்டு எடுத்த பணம் மூன்றே கால் லட்சம். என் வளையல் இரண்டை வங்கியில் வைத்தால் இன்னொரு ஒன்றே முக்கால் லட்சம். ஆக 5 லட்சம். அதற்குள் அத்தைக்கு உயரம் சரியாக உள்ள சீட், பின்னால் மடக்கிய வீல் சேர் போக இடம், புதிதாகக் கற்றுக்கொண்ட எனக்கு அடங்குகிற அளவு, மூன்றும் வேண்டும். புது வண்டிக்கு இந்தப் பணம் பத்தாது. பழசுதான்.

எங்கள் தெரு மெக்கானிக் தம்பி, "அக்கா, கிளான்சா பாருங்க. டொயோட்டா பேரு, மாருதி எஞ்சின். நமக்கு ரெண்டு பக்கமும் லாபம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதென்ன, ஒரு கம்பெனி பெயரில் இன்னொரு கம்பெனி வண்டி?

தம்பி விளக்கிய பிறகு இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. ஒரே அரிசி ஆலையில் அரைத்த அரிசியை இரண்டு கடைக்காரர்கள் அவரவர் பெயர் அச்சடித்த பையில் கட்டி விற்பதில்லையா, அதே சங்கதி! டொயோட்டாவும் சுசுகியும் 2018 மார்ச்சில் இந்தியாவுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதன்படி முதலில் வந்ததுதான் இந்த கிளான்சா, 2019 ஜூனில். 2015 அக்டோபரில் மாருதி கொண்டுவந்த பலேனோதான் இது. குஜராத்தில் உள்ள சுசுகி தொழிற்சாலையிலேயே செய்து, முன்பக்க கிரில்லை மாற்றி, டொயோட்டா முத்திரை வைத்து விற்றார்கள். அதே 1197 சி.சி. பெட்ரோல் எஞ்சின், அதே கதவு, அதே சீட். அப்புறம் வரிசையாக வந்துவிட்டன. 2020ல் விட்டாரா பிரெஸ்ஸா, அர்பன் க்ரூஸர் ஆனது. 2023ல் எர்டிகா, ரூமியன் ஆனது. அதே வருஷம் டொயோட்டாவின் இன்னோவா ஹைக்ராஸ் இந்தப் பக்கம் வந்து மாருதி இன்விக்டோ என்று பெயர் வாங்கிக்கொண்டது. கொண்டான் கொடுத்தான் உறவுதான்!

அப்படியானால் பெயருக்கு எதற்குக் கூடப் பணம்? இதைத்தான் நான் தம்பியைக் குடைந்து குடைந்து கேட்டேன். நான் விசாரித்த வரையில், அதே வருஷம், அதே ஓட்டமுள்ள பலேனோவை விட கிளான்சாவுக்கு இருபது முப்பதாயிரம் கூடத்தான் கேட்கிறார்கள். புதிதில் வாங்கியவருக்கு அதில் நியாயம் இருந்தது. அப்போது மாருதியில் வாரண்டி 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். கிளான்சாவுக்கு 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 2019 வண்டிக்கு அந்த வாரண்டியெல்லாம் எப்போதோ முடிந்து போயிற்று. முடிந்து போன வாரண்டிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? எனவே முத்திரைக்குத் தனியாக ஒரு பைசா தருவதில்லை, பலேனோ விலையில் கிடைத்தால் கிளான்சா, இல்லாவிட்டால் பலேனோவே போதும் என்று நானும் இவரும் பேசி வைத்துக்கொண்டோம். லாபம் உள்ள இடம் வேறு. எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்கள் எல்லாம் பலேனோ சாமான்களே பொருந்தும். எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். கிரில் மாதிரி முகத்தில் உள்ளதுதான் டொயோட்டாவில் தேட வேண்டும்.

இன்னொரு கணக்கும் மறக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்த்து 29 சதமாக இருந்தது, 18 சதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும்? ஆனால் புரோக்கர்கள் வாயில் வருவதெல்லாம் பழைய விலைதான். நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். நான் பார்த்த எல்லோரிடமும் ஞாபகப்படுத்தினேன்!

இப்போது முதல் வண்டிக்கு வருகிறேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு புரோக்கர். வெள்ளை நிறம், 2019 நவம்பரில் பதிவான வண்டி, சென்னை நம்பர். கியர் மாற்ற வேண்டாத சி.வி.டி. ரகம். 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஒரே ஓனர். கேட்ட விலை 5 லட்சத்து 10 ஆயிரம். கதவைத் திறந்ததும் மல்லிகைப்பூ வாசனை கும்மென்று வந்தது. சீட்டெல்லாம் புது உறை. ஏ.சி. சில்லென்று இருந்தது. கிளட்சே இல்லாத வண்டி என்றதும் எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். இவருக்கும் பிடித்துவிட்டது. "அம்மா, நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது. பத்தாயிரம் டோக்கன் போட்டுட்டா உங்களுக்கே எடுத்து வச்சிடுறேன்" என்றார் புரோக்கர். இவர் போனை எடுத்து, பணம் அனுப்பத் தயாராகிவிட்டார்.

மெக்கானிக் தம்பி அன்றைக்கு வரவில்லை. உறவில் ஒரு கல்யாணம். "நான் இல்லாம அட்வான்ஸ் போட்டுறாதீங்க. பெல்ட்டை மட்டும் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க அக்கா" என்று போனில் சொல்லியிருந்தார். பெல்ட்டில் என்ன இருக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். சரி, சொன்னதற்காக இழுப்போம் என்று முன் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். முதல் இரண்டு முழம் பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழம் வெளியே வந்தபோது, குறுக்கே காப்பிக் கறை போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே துணியே நிறம் மாறியிருந்தது. விரலால் தேய்த்தேன். மண்!

சகோதரிகளே, வெள்ளத்தில் போன பட்டுப்புடவையைத் துவைத்து இஸ்திரி போட்டாலும் மடிப்புக்குள்ளே கறை காட்டிக் கொடுத்துவிடும் இல்லையா? என் அம்மா வீட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதனால் கறையைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. "ஏங்க, போனை உள்ள வைங்க" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டார்.

அப்புறம் பின் கதவைத் திறந்து, ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியின் மேல் விரிப்பைத் தூக்கினேன். குழி ஓரத்தில் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி மெல்லிய வண்டல். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு. "அது கடல் காத்தும்மா, சென்னை வண்டின்னா அப்படித்தான்" என்றார் புரோக்கர். கடல் காற்று போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பெல்ட்டுக்குள் நுழைந்து கோடு போடுமா?

இன்ஷூரன்ஸ் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் "நோ க்ளெய்ம் போனஸ்" என்று ஓர் இடம் இருக்கும், கட்டாயம் பாருங்கள். வண்டிக்கு க்ளெய்ம் எதுவும் வாங்காமல் ஒரு வருஷம் போனால் மறு வருஷம் 20 சதம் தள்ளுபடி, பிறகு 25, 35, 45. ஐந்து வருஷம் வாங்காமலிருந்தால் 50 சதம். 2019 நவம்பர் வண்டி, ஒரே ஓனர். 2024 நவம்பரில் புதுப்பித்த பாலிசியில் 50 என்று இருந்திருக்க வேண்டும். இருந்தது பூஜ்யம். இடையில் பெரிதாக ஏதோ க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசியை விட்டுவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கிக் கிடந்தன என்று நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோமே! (இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் போனஸ் ஓனருக்கு உரியது, வண்டியோடு வராது. அதனால் கை மாறிய வண்டியில் பூஜ்யம் இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. இது ஒரே ஓனர் வண்டி என்பதால்தான் எனக்கு உறைத்தது.)

மறுநாள் தம்பியிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தண்ணீர் புகுந்த வண்டியில் ஒயர் இணைப்புகள் உள்ளுக்குள் பச்சை பிடித்துக்கொண்டே இருக்குமாம். ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்து ஒவ்வொன்றாகக் காட்டுமாம். அதிலும் சி.வி.டி. பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் ரிப்பேர் செலவு லட்சத்தைத் தாண்டலாம் என்றார். அத்தையை வைத்துக்கொண்டு பைபாஸில் வண்டி நின்று போனால்? நினைக்கவே வயிற்றைப் பிசைந்தது. வளையல் போனாலும் மீட்கலாம்.

இதற்குப் பிறகு மூன்று வாரம் அலைந்தோம். பலேனோ இரண்டு, கிளான்சா மூன்று. அதையெல்லாம் விவரித்தால் பக்கம் போதாது. ஒன்றின் கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு வருஷத்தது (கண்ணாடி ஓரத்தில் சின்னதாக அச்சடித்திருப்பார்கள், ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்). ஒன்றில் 28,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொன்னது. பிரேக் மிதியின் ரப்பரோ மொழுமொழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. எங்கள் அம்மிக்கல்கூட அவ்வளவு தேயவில்லை.

கடைசியில் அமைந்தது கே.கே. நகரில், ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரியின் வண்டி. சாம்பல் நிறக் கிளான்சா, வி ரகம், கியர் வண்டி. 2019 ஆகஸ்டில் பதிவு. 52,000 கிலோமீட்டர். கேட்டது 5 லட்சத்து 40 ஆயிரம்.

இந்தத் தடவை தம்பியோடுதான் போனோம். காலை ஆறரைக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பார்த்தார், ஜுரம் பார்ப்பது போல. சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். சில்லென்று இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார். மோர் கடைந்த மத்து மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். இது சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்தார். கருப்போ ஆயில் துளியோ ஒட்டவில்லை. கதவு ஓரத்து ரப்பரை உருவி, உள்ளே வரிசையாக வெல்டிங் புள்ளிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். பின்புறம் இடது கதவில் மட்டும் பெயின்ட் கொஞ்சம் தடிமன். நாங்கள் கேட்பதற்குள் அந்த ஐயாவே, "அது எங்க வீட்டு கேட்ல நானே தேச்சதும்மா" என்றார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

டயர் நாலும் பார்வைக்குப் புதிது போல இருந்தன. ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2219 என்று இருந்தது. 2019ம் வருஷம் இருபத்திரண்டாவது வாரம்! கோடு தேயாவிட்டாலும் ஆறு வருஷ ரப்பர். மாற்றியே தீர வேண்டும். இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். குறித்துக்கொண்டேன்.

பிறகு நத்தம் ரோடு மேம்பாலத்தில் நானே ஓட்டினேன். கை நடுங்கியது உண்மை. ஏற்றத்தில் கியரை மாற்றி மிதித்தபோது எஞ்சின் சத்தம் ஏறி, வண்டி அந்த வேகத்துக்கு இழுக்காமல் தயங்கியது. கிளட்ச் பிளேட் ஆயுள் முடியப் போகிறது என்றார் தம்பி. வேகத்தடைகளில் கடகடப்பு இல்லை. சமதளத்தில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் நேராகப் போயிற்று.

இந்த மாடலில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2020 ஜூலையில், 2019 ஏப்ரல் 2 முதல் அக்டோபர் 6 வரை செய்த சுமார் 6,500 கிளான்சாக்களை பெட்ரோல் பம்ப் கோளாறுக்காகக் கம்பெனி திரும்ப அழைத்தது. பலேனோவுக்கும் வேகன்ஆருக்கும் அதே மாதம் அதே அழைப்பு வந்தது. ஆலை ஒன்று என்றால் குறையும் ஒன்றுதானே! பிரச்சினை இருந்தால் இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள். இந்த வண்டி அந்தத் தேதிக்குள் வருவது. சேஸிஸ் எண்ணைக் கொண்டுபோய் சர்வீஸ் நிலையத்தில் கேட்டோம். பம்ப் மாற்றியதற்கான பதிவு இருந்தது. சர்வீஸ் எல்லாமும் வருஷா வருஷம், கிலோமீட்டர் படிப்படியாக ஏறி, கணக்குப் பிள்ளை எழுதியது போல இருந்தது.

மனசை உறுத்திய விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021ல் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கான கார் பாதுகாப்பு அமைப்பு, இந்தியாவில் செய்த, இரண்டு ஏர்பேக் உள்ள பலேனோவை மோத வைத்துச் சோதித்து, ஒரு ஸ்டார்கூடக் கொடுக்கவில்லை. பெயர் வேறானாலும் எலும்புக்கூடு அதுதான். 2022 மார்ச்சில் வந்த புதிய கிளான்சாவில் உயர்ந்த ரகங்களுக்கு ஆறு ஏர்பேக் உண்டு. எங்கள் பணத்துக்கு அது எட்டவில்லை. இரண்டு நாள் யோசித்தோம். ஆஸ்பத்திரி, கோயில், மார்க்கெட், இதற்குமேல் போகப் போவதில்லை. பின் சீட்டிலும் பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று முடிவு செய்தோம். நெடுஞ்சாலையில் தினம் போகிற குடும்பமாக இருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

அளவு டேப்பை எடுத்துப்போய் அத்தை உட்காரும் ஸ்டூலோடு சீட் உயரத்தை ஒப்பிட்டேன். இரண்டு அங்குலம் தாழ்வு. கெட்டியான பஞ்சுத் திண்டு ஒன்று போட்டால் சரி. வீல் சேரை மடக்கி டிக்கியில் வைத்துப் பார்த்தோம். 339 லிட்டர் டிக்கி என்றாலும் அப்படியே போகவில்லை. பின் சீட்டில் ஒரு பாதியை மடக்கியதும் போயிற்று. டிக்கியின் விளிம்பு உயரம், கொஞ்சம் தூக்கித்தான் போட வேண்டியிருக்கிறது. இடுப்பு வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

டயர், கிளட்ச், புது வண்டியின் குறைந்த விலை, மூன்றையும் தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். வங்கிக்காரர் அல்லவா, கணக்கு என்றால் கோபப்படவில்லை. 4 லட்சத்து 90 ஆயிரத்துக்கு ஒப்புக்கொண்டார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆர்.சி.யை என் மகள் போனில் எம்.பரிவாகனில் போட்டுப் பார்த்தாள். கடன் கொடுத்த வங்கியின் பெயர் அப்படியே இருந்தது! "கடனை 2022லயே கட்டி முடிச்சுட்டேனேம்மா" என்றார் ஐயா. கட்டி முடித்தார், பெயரை நீக்க மறந்துவிட்டார். வங்கியில் பணிபுரிந்தவருக்கே இந்த மறதி! வங்கியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, 35ம் எண் படிவத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால்தான் நீக்குவார்கள். அது முடியாமல் 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி என்ன பயன்? "ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஒரு லட்சத்தை மட்டும் நிறுத்தி வச்சுக்கிறேன். பேர் நீங்கினதும் அன்னைக்கே கொடுத்திடுறேன்" என்றேன். இவருக்குச் சங்கடம், முழங்கையால் இடித்தார். ஐயா சிரித்துக்கொண்டே, "நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றார். பதினோரு நாளில் நீங்கியது. அன்று சாயந்திரமே பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். பெயர் மாறிய பதினாலு நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

வண்டி வாசலுக்கு வந்த அன்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அத்தை திண்ணையிலிருந்து முன்னாலிருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தா, பேரு ஒரு வீட்டுது, உள்ள இருக்கது வேற வீட்டுப் புள்ளைன்னு சொன்னியே, நெசமா?"

"ஆமா அத்தை. என்னை மாதிரின்னு வச்சுக்கங்க."

"அப்ப நல்லாத்தான் ஓடும்" என்றார்.

அவரை ஏற்றுகிற முறையை மட்டும் எழுதி முடிக்கிறேன், இதே ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் உதவும். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். திண்டின் மேல் ஒரு பெரிய பாலிதீன் பையை விரியுங்கள். முதலில் வெளியே பார்த்தபடி பின்பக்கமாக உட்கார வைத்து, பின்னால் நகரச் சொல்லி, பிறகு இரண்டு காலையும் சேர்த்து, உடம்போடு ஒன்றாகத் திருப்பி உள்ளே கொண்டுவர வேண்டும். பை இருப்பதால் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும். இடுப்பை முறுக்க வேண்டாம். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் வழுக்கும். எங்கள் பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்தது இது. முதல் நாள் அத்தை, "என்னைய என்ன மளிகைச் சாமானா ஆக்கிட்டீங்க?" என்று கோபித்துக்கொண்டார். இப்போது ஆஸ்பத்திரி நாளன்று பையை அவரே மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

டயர் நாலும் மாற்றியாயிற்று. கிளட்ச் தை பிறந்ததும்.